140 கிரெடிட்டும் ஒரு நோட்டும்

அந்தப் பெரியவர் மஞ்சள் பையை எங்கள் கல்லூரித் தேர்வுப் பிரிவின் ஜன்னல் விளிம்பில் வைத்து, உள்ளேயிருந்த மதிப்பெண் பட்டியல்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பருவ வரிசையில் அடுக்கினார். எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் உறை போட்டு, ஒரு மடிப்பு விழாமல் வைத்திருந்தார். "எல்லாம் பாஸ் என்றுதான் பிள்ளை சொல்கிறாள் தாயி. பி.எட். கல்லூரியில் தற்காலிகச் சான்றிதழ் கேட்கிறார்கள். நாளைக்குள் வேண்டுமாம்" என்றார்.

ஐந்தாம் பருவப் பட்டியலின் கடைசி வரியில் என் விரல் நின்றது. மதிப்புக் கல்வி, 2 கிரெடிட். மதிப்பெண் இருக்க வேண்டிய கட்டத்தில் தேர்வுக்கு வரவில்லை என்ற குறி. அந்த வாரம் அந்தப் பெண்ணுக்கு அம்மை போட்டிருந்தது. ‘அது மேஜர் தாள் இல்லை, கிளாஸுக்குக் கணக்கில் வராது’ என்று தோழி ஒருத்தி சொன்னதை நம்பி, பிறகும் எழுதாமலே விட்டுவிட்டாள். மற்ற அத்தனை தாளிலும் முதல் வகுப்பு மதிப்பெண். நவம்பரில் அந்த ஒற்றைத் தாளை எழுதி, முடிவு வந்து, சான்றிதழ் கைக்குக் கிடைத்தபோது பி.எட். சேர்க்கை முடிந்துபோயிருந்தது. முழுதாக ஓராண்டு போயிற்று.

தோழி சொன்னதில் பாதி உண்மை. அந்தத் தாள் வகுப்பு நிர்ணயத்துக்குக் கணக்கில் வராதுதான். ஆனால் அதை முடிக்காமல் பட்டம் வராது. இந்த வித்தியாசம் தெரியாமல் என் ஜன்னலுக்கு வெளியே நின்று அழுத பிள்ளைகள் பல பேர். அவர்களுக்காகவும், இந்த ஜூனில் முதலாமாண்டு சேரப்போகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

நான் வேலை பார்ப்பது அரசு உதவி பெறும் சிறிய கலை அறிவியல் கல்லூரி ஒன்றில். தமிழ், வரலாறு, வணிகவியல், கணிதம், கணினி அறிவியல் என்று ஐந்தே துறைகள். தேர்வுப் பிரிவில் 21 ஆண்டுகள் ஆகிவிட்டன. எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோர் மிளகாயும் நெல்லும் போடுகிற வீடுகளிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள். வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள இன்னொரு பட்டதாரி இருக்கமாட்டார். நானும் அப்படி வந்தவள்தான்.

முதலில் ஒன்று தெளிவாக இருக்கட்டும். உங்களுக்குப் பட்டம் தருவது கல்லூரி கிடையாது; பல்கலைக்கழகம். எங்களைப் போன்ற கல்லூரிகள் ஏதாவது ஒரு பல்கலைக்கழகத்தோடு இணைவு பெற்றவை. பாரதியார், பாரதிதாசன், அழகப்பா, பெரியார், மனோன்மணியம் சுந்தரனார் என்று அது உங்கள் மாவட்டத்தைப் பொறுத்தது. தன்னாட்சிக் கல்லூரி என்றால் கேள்வித்தாளும் திருத்தமும் முடிவும் கல்லூரியே பார்த்துக்கொள்ளும். பட்டம் அப்போதும் பல்கலைக்கழகத்தின் பெயரில்தான் வரும். ஆகவே சேர்வதற்கு முன்பே, நீங்கள் சேரும் அந்தப் பாடப்பிரிவுக்குப் பல்கலைக்கழக இணைவு இருக்கிறதா என்று பாருங்கள். கல்லூரிக்கு இணைவு இருப்பது வேறு, புதிதாகத் தொடங்கிய பிரிவுக்கு இருப்பது வேறு. பி.பி.ஏ., பி.சி.ஏ. படிப்புகள் 2024-25 முதல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் அனுமதி வரம்புக்குள்ளும் வந்துவிட்டன. அலுவலகத்தில் கேளுங்கள், காட்டுவார்கள். கேட்பதில் தயக்கமே வேண்டாம். பணம் கட்டுகிறவர் கேட்கத்தான் வேண்டும்.

எந்தப் பிரிவில் சேர்வது என்பதற்கு என்னிடம் ஒரே ஒரு ஆலோசனைதான் உண்டு. மூன்றாண்டு கழித்து எங்கே போக ஆசை என்று யோசித்து, அங்கே என்ன கேட்கிறார்கள் என்பதை இப்போதே பாருங்கள். பள்ளி ஆசிரியராக விரும்பும் பிள்ளைகள் பி.காம்., பி.ஏ. பொருளியல் சேர்ந்துவிட்டு, முடித்த கையோடு பி.எட். விண்ணப்பம் கேட்டு வருவார்கள். தமிழ்நாட்டில் வணிகவியல், பொருளியல் போன்ற பாடங்களுக்கு முதுகலையும் முடித்த பிறகுதான் பி.எட். சேர முடியும். தமிழ், ஆங்கிலம், கணிதம், வரலாறு, இயற்பியல் படித்தவர்கள் இளங்கலையோடே போகலாம். இது தெரிந்து வணிகவியல் எடுப்பது வேறு. தெரியாமல் எடுத்துவிட்டு இரண்டாண்டு கூடுதலாகப் படிக்க வேண்டிய நிலையில் நிற்பது வேறு. பட்டத்தின் பெயரும் முக்கியம். புதுப்புதுப் பெயர்களில் பிரிவுகள் வருகின்றன. அரசு வேலைக்குப் போகும்போது, ‘இந்தப் பட்டம் அந்தப் பட்டத்துக்கு இணையானது’ என்று அரசாணை இருக்கிறதா என்று கேட்பார்கள். பழைய, நேரான பெயருள்ள பட்டங்களுக்கு அந்தத் தொல்லை குறைவு.

நான்காண்டுப் பட்டம் பற்றியும் பெற்றோர் கேட்கிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் வெளியிட்ட சட்டகத்தில் மூன்றாண்டுக்கு 120 கிரெடிட், நான்காண்டு ஆனர்ஸ் படிப்புக்கு 160 கிரெடிட் என்று இருக்கிறது. எங்களைப் போன்ற தமிழ்நாட்டுக் கலைக் கல்லூரிகளில் நடப்பது ஆறு பருவம் கொண்ட மூன்றாண்டுப் படிப்பும், 140 கிரெடிட்டும்தான். கீழே நான் சொல்வதெல்லாம் அந்தக் கணக்கு.

ஐந்து கணக்கு, தனித்தனியே அடைய வேண்டும்

கிரெடிட் என்பது ஒரு பாடத்துக்கான எடை. அதில் தேறினால் அத்தனை கிரெடிட்டும் உங்கள் கணக்கில் சேரும்; தேறாவிட்டால் ஒன்றுகூடச் சேராது. மொத்தம் 140 என்றதும் பிள்ளைகள் அதை ஒரே உண்டியல் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது ஐந்து தனிக் கடன். ஒன்றில் கூடுதலாகக் கட்டி இன்னொன்றைக் கழிக்க முடியாது.

தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றம் வகுத்த மாதிரிப் பாடத்திட்டம் 2023-24 முதல் பல கல்லூரிகளுக்கு வந்தது. அதன்படி முதல் பகுதி தமிழ் அல்லது நீங்கள் எடுக்கும் வேறு மொழி: நான்கு பருவம், பருவத்துக்கு 3 வீதம் 12 கிரெடிட். இரண்டாம் பகுதி ஆங்கிலம்: அதே போல 12. மூன்றாம் பகுதிதான் உங்கள் மேஜர். முதன்மைப் பாடங்களும் விருப்பப் பாடங்களும் சேர்ந்து 92 கிரெடிட். முதல் நான்கு பருவத்திலும் 13, 13 என்று போய், ஐந்தாம் பருவத்தில் 22, ஆறாம் பருவத்தில் 18. நான்காம் பகுதி 23. ஐந்தாம் பகுதி ஒரே ஒரு கிரெடிட். கூட்டிப் பாருங்கள், 140 வரும்.

வகுப்பு நிர்ணயம் முதல் மூன்று பகுதிகளுக்குத்தான், அதுவும் தனித்தனியே. ஆங்கிலத்தில் இரண்டாம் வகுப்பும் மேஜரில் முதல் வகுப்பும் வாங்கியவர்கள் ஏராளம். நான்காம், ஐந்தாம் பகுதிகளுக்கு வகுப்பு கிடையாது. ஆனால் முடித்தே தீர வேண்டும். வாரத்துக்கு ஆறு மணி நேரம் தமிழ் வகுப்பு, ஐந்து மணி நேரம் மேஜர் வகுப்பு என்று நடக்கும்போது, இரண்டு மணி நேரம் மட்டும் நடக்கிற இந்தச் சின்னத் தாள்கள் கண்ணில் படுவதில்லை. 23-உம் 1-உம் சேர்ந்த இந்த 24 கிரெடிட்டில்தான் என் ஜன்னலுக்கு வரும் வழக்குகளில் முக்கால்வாசி.

அதனால் நான்காம் பகுதியைச் சற்று விரித்தே சொல்கிறேன். முதலாமாண்டில் திறன் மேம்பாட்டுத் தாள்களும் ஓர் அறிமுகத் தாளும் இருக்கும். திறன் தாள்களில் ஒன்று பிற துறைப் பாடமாக அமையும். வரலாறு படிக்கிறவர் கணினித் துறையில் ஒன்று எடுக்கலாம், கணிதம் படிக்கிறவர் தமிழில் எடுக்கலாம். பெரிய கல்லூரிகளில் இருபது பாடம் இருக்கும், எங்களுக்கு நான்கு. கேட்டது கிடைக்கவில்லை என்று முதல் வாரம் வகுப்புக்குப் போகாமல் இருக்காதீர்கள். பத்தாம் வகுப்பு அல்லது பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் படிக்காமல் வந்து, முதல் பகுதியிலும் வேறு மொழி எடுத்தவர்கள் அந்தப் பிற துறைத் தாளுக்குப் பதிலாக அடிப்படைத் தமிழ் எழுத வேண்டும். தமிழ் படித்திருந்தும் முதல் பகுதியில் வேறு மொழி எடுத்தவர்களுக்குச் சிறப்புத் தமிழ். எல்லைப்புற மாவட்டங்களிலிருந்தும் மத்தியக் கல்வித் திட்டப் பள்ளிகளிலிருந்தும் வருகிற பிள்ளைகள் இதைச் சேர்ந்த நாளிலேயே துறைத் தலைவரிடம் சொல்லிவிட வேண்டும். இறுதியாண்டில் தெரிந்து, முதலாமாண்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து தேர்வு எழுதிய ஒரு மாணவனை எனக்குத் தெரியும்.

சுற்றுச்சூழலியல் நான்காம் பருவத்தில் வரும், 2 கிரெடிட். உச்ச நீதிமன்ற உத்தரவின் பேரில் நாடு முழுவதும் எல்லா இளங்கலை மாணவர்களுக்கும் கட்டாயமாக்கப்பட்ட பாடம் அது. எந்தத் துறைக்கும் விலக்கு இல்லை. ஐந்தாம் பருவத்தில் மதிப்புக் கல்வி. அதே பருவத்தில் உள்ளிருப்புப் பயிற்சிக்கும் 2 கிரெடிட். அந்தப் பயிற்சியை நான்காம் பருவம் முடிந்த கோடை விடுமுறையில் செய்ய வேண்டும். ஜூனில் கல்லூரி திறந்த பிறகு, ‘கூட்டுறவு வங்கியில் போய்விட்டு வந்தேன் மேடம், கடிதம் வாங்கவில்லை’ என்று நிற்பார்கள். போகும் முன் கல்லூரியிலிருந்து ஒரு கடிதம், முடிக்கும்போது அங்கிருந்து முத்திரையோடு ஒரு சான்று, நீங்கள் எழுதிய அறிக்கை, இந்த மூன்றும் இருந்தால்தான் கிரெடிட் ஏறும். தமிழக அரசின் ‘நான் முதல்வன்’ திறன் பயிற்சிகளும் பல பல்கலைக்கழகங்களில் இந்தப் பகுதியிலேயே தாளாகச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. இணையத்தில் நடப்பதால் ‘அது தனி’ என்று நினைக்க வேண்டாம். பதிவு எண்ணை ஓர் இலக்கம் தவறாகப் பதிந்துவிட்டால் மதிப்பெண் உங்கள் பெயரில் வராது. பதிந்ததும் திரையை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் பகுதி விரிவாக்கப் பணி. நாட்டு நலப்பணித் திட்டம், தேசிய மாணவர் படை, இளைஞர் செஞ்சிலுவைச் சங்கம், விளையாட்டு, இவற்றில் ஏதாவது ஒன்று. ஒரே கிரெடிட்தான், தேர்வும் இல்லை. ஆனால் நாட்டு நலப்பணித் திட்டத்தில் முழுச் சான்றிதழ் வேண்டுமானால் இரண்டாண்டில் 240 மணி நேரப் பணியும் ஏழு நாள் சிறப்பு முகாமும் வேண்டும். முகாமுக்குப் போனவர்கள் வருகைப் பதிவேட்டில் தங்கள் பெயர் இருக்கிறதா என்று அன்றே பாருங்கள். குளம் தூர் வாரி, மரக்கன்று நட்டு, கை காய்த்துத் திரும்பிய பிள்ளையின் பெயர் ஏட்டில் விடுபட்டுப்போனால், இரண்டாண்டு கழித்து அதை நிரூபிக்க யாராலும் முடியாது. நல்ல வேலை செய்தவர்களே இதில் அகப்படுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

52 வாங்கியும் தேறாதது எப்படி

ஒரு தாளுக்கு 100 மதிப்பெண். அதில் 25 அகமதிப்பீடு, அதாவது கல்லூரியே போடும் உள்மதிப்பெண்; 75 பல்கலைக்கழகத் தேர்வு. தேற 40 வேண்டும். இதோடு நின்றுவிடுகிறார்கள். இன்னொரு நிபந்தனையும் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் உண்டு: 75-க்கு எழுதும் தேர்வில் மட்டும் தனியாக 30 எடுக்க வேண்டும். அகமதிப்பீட்டில் 24, தேர்வில் 28 என்றால் மொத்தம் 52, ஆனாலும் தேறவில்லை. அகமதிப்பீட்டில் 11, தேர்வில் 30 என்றால் மொத்தம் 41, தேறிவிட்டார். எனவே உள்மதிப்பெண் நன்றாக இருக்கிறது என்ற தைரியத்தில் தேர்வைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வகுப்பு எப்படி வருகிறது என்பதை ஒரு பருவத்துக்கு நீங்களே போட்டுப் பாருங்கள். மதிப்பெண்ணைப் பத்தால் வகுத்தால் தரப்புள்ளி. அதைக் கிரெடிட்டால் பெருக்கிக் கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் வகுக்க வேண்டும். முதல் பருவத்தில் முதன்மைத் தாள் இரண்டு, தலா 5 கிரெடிட், மதிப்பெண் 71, 66. விருப்பப் பாடம் 3 கிரெடிட், மதிப்பெண் 58. ஏழு புள்ளி ஒன்றை ஐந்தால் பெருக்கினால் 35.5. ஆறு புள்ளி ஆறுக்கு 33. ஐந்து புள்ளி எட்டை மூன்றால் பெருக்கினால் 17.4. கூட்டினால் 85.9, அதை 13-ஆல் வகுத்தால் 6.6. ஆறுக்கு மேல் என்பதால் முதல் வகுப்புப் பாதையில் இருக்கிறீர்கள். இப்படிப் பார்த்தால் 5 கிரெடிட் தாளில் பத்து மதிப்பெண் ஏறுவதும் 3 கிரெடிட் தாளில் பத்து ஏறுவதும் ஒன்றல்ல என்பது புரியும். பி.எட். சேர்க்கையில் இந்த மூன்றாம் பகுதி மதிப்பெண்ணைத்தான் பார்க்கிறார்கள். பொதுப்பிரிவுக்கு 50 விழுக்காடு, பிற்படுத்தப்பட்டோருக்கு 45, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 43, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 40.

மாசி, பங்குனி வருகை

எங்கள் பக்கம் மிளகாய்ப் பழம் பறிப்பது மாசி, பங்குனியில். அதாவது இரண்டாம், நான்காம், ஆறாம் பருவத்தின் நடுவில். கூலிக்கு ஆள் கிடைக்காதபோது வீட்டுப் பிள்ளைகள்தான் காட்டில் நிற்க வேண்டும். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. கணக்கை மட்டும் சொல்கிறேன். ஒரு பருவத்துக்கு 90 வேலை நாள். தேர்வு எழுத 75 விழுக்காடு வருகை வேண்டும். அதாவது 68 நாள். உங்கள் கையில் இருப்பது 22 நாள். ஜனவரியிலேயே சளி, திருமணம், ஊர்த் திருவிழா என்று பத்து நாளைச் செலவழித்துவிட்டால் பறிப்புக்கு 12 நாள்தான் மிஞ்சும்.

75-க்குக் கீழே போய், 65-க்கு மேல் இருந்தால், தக்க காரணமும் மருத்துவச் சான்றும் காட்டி, கட்டணம் கட்டி விலக்குப் பெறப் பல பல்கலைக்கழகங்கள் அனுமதிக்கின்றன. அதற்கும் கீழே போனால் அந்தப் பருவத் தேர்வையே எழுத முடியாமல் போகலாம்; மிகவும் குறைந்தால் அந்தப் பருவத்தை மறுபடி படிக்க வேண்டிவரும். ஆகவே பறிப்பு தொடங்கும் முன் வகுப்பு ஆலோசகரிடம் போய் உங்கள் வருகை எத்தனை நாள் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவிடமும் அந்த எண்ணைச் சொல்லுங்கள். நாள் கணக்கு சொன்னால் விவசாயிக்குப் புரியாமல் போகாது.

நோட்டு

இப்போது நான் ஒவ்வோர் ஆண்டும் முதலாமாண்டுப் பிள்ளைகளைச் செய்யச் சொல்கிற வேலை. நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். முதல் பக்கத்தில் உங்கள் பெயரைப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் இருக்கிறபடியே எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள். முதலெழுத்து முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா, நடுவில் புள்ளி உண்டா என்பது வரை. லட்சுமி என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுத எத்தனையோ வழி. பத்தாம் வகுப்பில் ஒரு மாதிரி, ஆதாரில் இன்னொரு மாதிரி, கல்லூரிச் சேர்க்கைப் படிவத்தில் மூன்றாவது மாதிரி எழுதி, கடைசியில் பட்டச் சான்றிதழைத் திருத்தப் பல்கலைக்கழகத்துக்கு அலைகிறார்கள். இப்போது உங்கள் கிரெடிட்டை இணையத்தில் சேர்த்து வைக்கும் கிரெடிட் வங்கிக் கணக்குக்கும் ஆதார்ப் பெயர்தான் அடிப்படை என்பதால், முதல் பருவத்திலேயே எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடுங்கள்.

இரண்டாம் பக்கத்திலிருந்து பருவத்துக்கு ஒரு பக்கம். ஸ்கேல் வைத்து எட்டுக் கட்டம்: தாள் குறியீடு, தாளின் பெயர், எந்தப் பகுதி, கிரெடிட், அகமதிப்பீடு, தேர்வு, மொத்தம், தேறிய மாதமும் ஆண்டும். பருவம் தொடங்கிய வாரமே முதல் நான்கு கட்டத்தைப் பாடத்திட்டத்தைப் பார்த்து நிரப்பிவிடுங்கள். பின்னால் வருகிற கட்டங்கள் காலியாக இருக்கும். அந்த வெறுமை உங்களை உறுத்த வேண்டும் என்பதற்காகத்தான் முன்கூட்டியே எழுதச் சொல்கிறேன். தேர்வு முடிவு வந்த அன்று நிரப்புங்கள். பக்கத்தின் அடியில் இதுவரை சேர்ந்த மொத்தக் கிரெடிட்டைச் சிவப்பு மையில் எழுதுங்கள். மாதிரிப் பாடத்திட்டப்படி அது முதல் பருவ முடிவில் 23, பிறகு 46, 68, 93, 119, கடைசியில் 140 என்று ஏற வேண்டும். உங்கள் எண் இதைவிட இரண்டு குறைந்தால், ஏதோ ஒரு சின்னத் தாள் விடுபட்டிருக்கிறது. எங்கே என்று அன்றே தேடுங்கள். உங்கள் பல்கலைக்கழகத்தில் இந்தப் பங்கீடு சற்று மாறியிருக்கலாம். நீங்கள் சேர்ந்த ஆண்டுக்கான விதிமுறைப் படிவத்தைத் துறையில் கேட்டு வாங்கி அதன்படி எண்களை மாற்றிக்கொள்ளுங்கள். உங்கள் அக்கா படித்தபோது இருந்த விதி உங்களுக்குப் பொருந்தாது.

மஞ்சள் பைக்காரரின் மகளிடம் இப்படி ஒரு நோட்டு இருந்திருந்தால், ஐந்தாம் பருவப் பக்கத்தில் ஒரு வரி காலியாகவே நின்றிருக்கும். ஆறாம் பருவத்திலேயே அதை முடித்திருப்பாள்.

அரியர் விழுந்தால்

அரியர் வைத்தவர் கெட்டிக்காரர் அல்ல என்று வீட்டில் யாரும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். தேர்வு நவம்பரிலும் ஏப்ரலிலும் நடக்கும். அரியர் தாளுக்கு ஒவ்வொரு முறையும் நீங்களே விண்ணப்பித்துக் கட்டணம் கட்ட வேண்டும். தானாக ஹால் டிக்கெட்டில் வராது. அபராதம் இல்லாமல் கட்டும் நாள், அபராதத்தோடு கட்டும் நாள் என்று இரண்டு தேதி அறிவிப்புப் பலகையில் போடுவோம். படித்து முடித்து ஊருக்குப் போனவர்களுக்கு அந்தப் பலகை தெரியாது. கல்லூரியில் படிக்கும் யாராவது ஒரு தம்பி தங்கையிடம் சொல்லி வையுங்கள்.

மதிப்பெண்ணில் சந்தேகம் இருந்தால் விடைத்தாள் நகல் கேட்கலாம், மறுகூட்டல், மறுமதிப்பீடு கேட்கலாம். முடிவு வந்த சில நாட்களுக்குள் விண்ணப்பம் முடிந்துவிடும். 28, 29 என்று நிற்கிறவர்கள் நகல் வாங்கிப் பார்ப்பது நல்லது; ஒரு பக்கம் கூட்டலில் விடுபட்டு நானே கண்டிருக்கிறேன். இறுதிப் பருவத்தில் ஒரே தாள் மட்டும் நிற்கிறவர்களுக்குச் சில பல்கலைக்கழகங்கள் உடனடித் தேர்வு நடத்துகின்றன. ஆறு மாதம் மிச்சமாகும், தவறாமல் கேளுங்கள். அரியரை நீண்ட காலம் போட்டு வைக்கக் கூடாது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. பாடத்திட்டம் மாறிவிட்டால் பழைய பாடத்துக்குச் சில ஆண்டுதான் தேர்வு நடத்துவார்கள். பிறகு இணையான புதிய தாளை எழுதச் சொல்வார்கள். படித்த பாடம் ஒன்று, எழுதுகிற பாடம் வேறொன்று ஆகிவிடும்.

கடைசிப் பருவத்தில் வாங்க வேண்டியவை

ஆறாம் பருவம் ஜனவரியில் தொடங்கும்போதே நோட்டை எடுத்துக்கொண்டு தேர்வுப் பிரிவுக்கு ஒருமுறை வாருங்கள். எங்கள் பதிவும் உங்கள் நோட்டும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிடலாம். பதினைந்து நிமிட வேலை. ஏப்ரலில் வந்தால் எனக்கும் உங்களுக்கும் நேரம் இருக்காது.

தேர்வு முடிந்ததும் நூலகம், ஆய்வகம், விடுதி, நாட்டு நலப்பணித் திட்டம் எல்லாவற்றிலும் பாக்கி இல்லை என்று கையெழுத்து வாங்கினால் மாற்றுச் சான்றிதழும் நன்னடத்தைச் சான்றிதழும் கிடைக்கும். முடிவு வந்த பிறகு ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியலும் தற்காலிகச் சான்றிதழும் பல்கலைக்கழகத்திலிருந்து வரும். மேற்படிப்புக்கு வேறு பல்கலைக்கழகத்துக்குப் போகிறவர்கள் இடப்பெயர்வுச் சான்றிதழுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பட்டச் சான்றிதழ் பட்டமளிப்பு விழாவுக்குப் பிறகுதான்; அதற்கும் விண்ணப்பமும் கட்டணமும் உண்டு.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு இன்னொன்று, இதை மறந்துவிட்டுப் போகிறவர்களைப் பார்த்தால் மனம் பதறுகிறது. தமிழ் வழியில் பயின்றோருக்கு அரசு வேலையில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010-இல் வந்தது. 2020-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, பட்டம் கேட்கும் பணி என்றால் ஒன்றாம் வகுப்பு முதல் பட்டம் வரை முழுவதும் தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். கல்லூரியில் பாடம் நடந்த மொழிதான் கணக்கு. ஆங்கில வழியில் சேர்ந்துவிட்டுத் தேர்வைத் தமிழில் எழுதினேன் என்பது செல்லாது. பள்ளி, கல்லூரி ஒவ்வோர் இடத்திலும் தனித்தனியே சான்று வாங்க வேண்டும். தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியர் மாறிப்போய், பழைய சேர்க்கைப் பதிவேட்டைத் தேடி எடுக்க மாதக்கணக்கில் ஆகும். தேர்வாணைய அறிவிப்பு வந்த பிறகு ஓடாமல், ஆறாம் பருவ விடுமுறையிலேயே வாங்கிவிடுங்கள். கிராமத்துப் பள்ளியில் படித்து வந்த உங்களுக்காகவே இருக்கிற உரிமை அது.

கடைசியாக, பட்டச் சான்றிதழ் வந்துவிட்டது என்று நாங்கள் சொல்லி அனுப்பியதும் நோட்டின் முதல் பக்கத்தையும் கையோடு கொண்டுவாருங்கள். ஜன்னலில் உறையைப் பிரித்துத் தருவேன். பெயர், முதலெழுத்து, பதிவு எண், பட்டத்தின் பெயர், முதன்மைப் பாடம், தேறிய மாதமும் ஆண்டும், வகுப்பு, ஒவ்வொன்றையும் நோட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தமிழிலும் அச்சிட்டிருந்தால் அதையும் பாருங்கள். அதன் பிறகு பதிவேட்டில் கையெழுத்துப் போடுங்கள். பின்னால் வரிசை நிற்கிறதே என்று அவசரப்பட வேண்டாம். நீங்கள் படித்து முடிக்கும் வரை நான் காத்திருப்பேன்.